நாடி சீரானது, நோயாளி இறந்தார்: கேஸ்ட் ஆய்வும் நம் வீட்டு மாத்திரை அட்டையும்

1989 ஏப்ரலில் அமெரிக்காவில் கேஸ்ட் என்ற பெரிய மருந்து ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் திடீர் மரணம் குறையுமா என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு அது. மாத்திரைகள் சொன்ன வேலையைச் செய்தன. கூடுதல் துடிப்புகள் அடங்கின, நாடி சீரானது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள், மருந்தில்லாத மாவு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள்.

சீரற்ற இதயத்துடிப்புக்கு மாத்திரை எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் இந்த ஆய்வைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இந்த வகை மாத்திரைக்கு மட்டும் ஏன் டாக்டர் திரும்பத் திரும்ப இசிஜி எடுக்கச் சொல்கிறார், சிலருக்கு ஏன் முதல் சில வேளை மருந்தை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை ஏன் நமக்கு ஆகாது என்ற கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் இருக்கிறது.

எல்லோரும் நம்பிய கணக்கு

மாரடைப்பில் இதயத் தசையின் ஒரு பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்து, பிறகு தழும்பாகிறது. பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலர் சில மாதங்கள் கழித்துத் திடீரென்று சரிந்து விழுந்து இறந்தார்கள். காரணம் பெரும்பாலும் கீழறை தாறுமாறாக அதிர்ந்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்காரரான நார்மன் ஹோல்டர் உருவாக்கிய, உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடக்கூடிய இசிஜி கருவி 1960களில் புழக்கத்துக்கு வந்தது. "ஒரு நாள் ஹோல்டர் போட்டுப் பாத்துடலாம்" என்று இன்றும் நம் ஊர் டாக்டர்கள் சொல்லும்போது வருவது அவர் பெயர்தான். அந்தக் கருவி வந்த பிறகு, ஒருவருக்கு மணிக்கு எத்தனை கூடுதல் துடிப்பு வருகிறது என்று எண்ண முடிந்தது. மாரடைப்பு வந்தவர்களிடம் எண்ணிப் பார்த்தபோது, கூடுதல் துடிப்பு அதிகம் உள்ளவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்பது தெரிந்தது. இதில் தவறே இல்லை. அந்தத் தொடர்பு உண்மையானது.

அடுத்த படியில்தான் சறுக்கல். கூடுதல் துடிப்பு ஆபத்தின் அறிகுறி என்றால், அதை அடக்கிவிட்டால் ஆபத்தும் போய்விடும் என்று மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இதயத்தின் கூடுதல் துடிப்புகளை அபாரமாக அடக்கும் ஃப்ளெக்கனைடு 1985இலும், என்கனைடு 1986இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் கூடுதல் துடிப்பை அடக்குவதில் பழைய மருந்துகளைவிடக் கெட்டிக்காரர்கள். உயிரைக் காக்கின்றனவா என்று யாரும் அதுவரை நேராகச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

முதலில் ஒரு முன்னோட்ட ஆய்வு நடந்தது. 502 பேருக்கு நான்கு மருந்துகளையும் மாவு மாத்திரையையும் கொடுத்து, எது துடிப்பை நன்றாக அடக்குகிறது என்று பார்த்தார்கள். என்கனைடும் ஃப்ளெக்கனைடும் முன்னே நின்றன. மோரிசிசைன் அடுத்து வந்தது. அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு 1987இல் தொடங்கியதுதான் கேஸ்ட். அமெரிக்க அரசின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்து நடத்தியது. இவ்வளவு நல்ல மருந்து கையில் இருக்கும்போது பாதிப் பேருக்கு மாவு மாத்திரை கொடுப்பது நியாயமா என்று கேட்ட மருத்துவர்களும் இருந்தார்கள்.

ஆய்வு நடந்த விதம்

இந்த ஆய்வின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

மாரடைப்பு வந்து ஆறு நாள் முதல் இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள், ஹோல்டரில் மணிக்குச் சராசரியாக ஆறு கூடுதல் துடிப்பாவது உள்ளவர்கள், இதயத்தின் ரத்தம் தள்ளும் திறன் குறைந்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள். வந்தவுடன் குலுக்கிப் பிரிக்கவில்லை. முதலில் எல்லோருக்கும் உண்மையான மருந்தையே கொடுத்து, கூடுதல் துடிப்பு குறைந்தது 80 சதவீதம் அடங்குகிறதா என்று பார்த்தார்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் டோஸைக் கூட்டினார்கள், அல்லது மருந்தை மாற்றினார்கள். நன்றாக அடங்கியவர்களை மட்டுமே அடுத்த கட்டத்துக்கு எடுத்து, பாதிப் பேருக்கு அதே மருந்தையும் மீதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் மாவு மாத்திரையையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

அதாவது ஆய்வுக்குள் வந்த ஒவ்வொருவருமே "இந்த மருந்து எனக்கு நல்லாக் கேக்குது" என்று சொல்லக்கூடியவர். ஹோல்டர் அறிக்கையைக் கையில் வைத்து அதை நிரூபிக்கவும் முடியும். அவர்கள்தான் இறந்தார்கள்.

1991இல் டெப்ரா எக்ட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முழு விவரம் இது: என்கனைடு அல்லது ஃப்ளெக்கனைடு எடுத்தவர்கள் 755 பேர், மாவு மாத்திரை எடுத்தவர்கள் 743 பேர். சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து எடுத்தவர்களில் 63 பேரும் மாவு மாத்திரை எடுத்தவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். துடிப்புக் கோளாறால் நேர்ந்த மரணத்தை மட்டும் எடுத்தால், ஒரு பக்கம் 43, மறுபக்கம் 16. எந்த மரணத்தைத் தடுக்க மாத்திரை கொடுத்தார்களோ, அதே மரணம் கூடியிருந்தது.

இறப்புகள் முதல் வாரத்திலேயே வந்து எச்சரித்திருந்தால்கூட ஒரு ஆறுதல். அப்படி இல்லை. அந்தப் பத்து மாதம் முழுக்கப் பரவி வந்தன. மாதக்கணக்கில் மருந்து ஒத்துக்கொண்டு, நாடி அழகாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு நாள் விழுந்தார்.

இதைத் தனி மருத்துவர் ஒருவர் தன் அனுபவத்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அவருடைய நோயாளி ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர். இறந்துபோனால், நோய் முற்றிவிட்டது, மருந்தாலும் காப்பாற்ற முடியவில்லை என்றுதான் தோன்றும். வீட்டாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பக்கத்திலேயே மாவு மாத்திரை எடுத்த எழுநூற்றுச் சொச்சம் பேர் இருந்ததால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. "முப்பது வருஷ அனுபவத்தில் சொல்றேன்" என்று யார் சொன்னாலும், இந்த வகை மருந்தில் அனுபவத்துக்கு எட்டாத ஆபத்து உண்டு என்பதை மனதில் வைக்க வேண்டியிருக்கிறது.

மோரிசிசைனை மட்டும் வைத்து ஆய்வு தொடர்ந்தது. அதுவும் 1991இல் நிறுத்தப்பட்டது. மருந்து தொடங்கிய முதல் 14 நாளில், மருந்து எடுத்த 665 பேரில் 17 பேர் இறந்தார்கள் அல்லது இதயம் நின்றுபோனார்கள். எடுக்காத 660 பேரில் மூவர். 1996இல் வெளியான இன்னொரு ஆய்வில் டி-சோட்டலால் என்ற, முற்றிலும் வேறு விதமாக வேலைசெய்யும் மருந்தும் இதே கதையில் முடிந்தது: மருந்து எடுத்தவர்களில் 5 சதவீதம், மாவு மாத்திரையில் 3.1 சதவீதம் மரணம். ஆகவே ஏதோ ஒரு கம்பெனியின் ஒரு மாத்திரை கெட்டுப்போன கதை என்று இதைத் தள்ள முடியாது. துடிப்பைத் திருத்தும் மருந்துகள் துடிப்பைக் கெடுக்கவும் கூடும் என்பது அந்த மருந்துகளின் இயல்பிலேயே இருக்கிறது.

எப்படி நடந்தது

இதயத் தசையில் மின் அலை பரவ வேண்டுமானால், சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய வேண்டும். ஃப்ளெக்கனைடும் என்கனைடும் அவை நுழையும் வாயில்களை அடைக்கின்றன. அலையின் வேகம் குறைகிறது. தனியாகக் கிளம்பும் கூடுதல் துடிப்பு அடங்கிப்போகிறது.

தழும்பு விழுந்த இதயத்தில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. தழும்பின் ஓரத்தில் அரைகுறை உயிரோடு இருக்கும் தசை வழியாக அலை ஏற்கெனவே மெதுவாகத்தான் ஊர்ந்து போகிறது. ஒருமுறை துடித்த தசை சிறிது நேரம் ஓய்வில் இருக்கும். அப்போது இன்னொரு அலை வந்தாலும் பதில் தராது. தழும்பைச் சுற்றி அலை சீக்கிரம் வந்துவிட்டால், கிளம்பிய இடம் இன்னும் ஓய்வில் இருக்கும், அலை அங்கேயே அணைந்துவிடும். மருந்து அதை இன்னும் மெதுவாக்கினால், சுற்றி வருவதற்குள் அங்கே ஓய்வு முடிந்திருக்கும். தசை மறுபடி துடிக்கும், அலை மறுபடி சுற்றும், நிற்கவே நிற்காது. அந்தச் சுற்று வேகமெடுத்தால் நாடி இருநூறைத் தொட்டு, கடைசியில் கீழறை வெறுமனே அதிர்ந்துகொண்டு நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. இதயம் வேகமாகத் துடிக்கும்போது இந்த மருந்து வாயில்களை இன்னும் இறுக்கமாக அடைக்கும். படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி நன்றாக இருக்கும். மாடிப்படி ஏறும்போதோ, காய்ச்சலிலோ, இதயத்துக்கு ரத்தம் குறையும்போதோ மருந்தின் பிடி கூடியிருக்கும். ஃப்ளெக்கனைடு தொடங்கிய பிறகு சில மருத்துவர்கள் டிரெட்மில் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். "இதயத்துக்கு மருந்து எழுதிட்டு ஓடச் சொல்றாரே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

அதே மருந்து, வேறு இதயம்

என்கனைடு 1991இல் சந்தையை விட்டே போனது. மோரிசிசைன் 2007இல் போனது. ஃப்ளெக்கனைடு போகவில்லை. இன்றும் உலகமெங்கும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள், சரியான ஆளுக்கு எழுதினால் நல்ல மருந்தும்கூட.

சரியான ஆள் யார்? மாரடைப்பு வராதவர், இதயத் தசை பலவீனம் இல்லாதவர், தழும்பு இல்லாதவர், ஆனால் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து வந்து போகிறவர். 2020இல் வெளியான ஈஸ்ட் என்ற ஐரோப்பிய ஆய்வில், இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வருடத்துக்குள்ளேயே துடிப்பைச் சீராக வைக்க முயன்றவர்களுக்கு இதய மரணம், பக்கவாதம் முதலியவை குறைந்தன. அந்த ஆய்வில் தொடக்கத்தில் மிக அதிகமாகக் கொடுக்கப்பட்ட மருந்து ஃப்ளெக்கனைடுதான். கேஸ்டில் கொன்ற மருந்து இங்கே காத்தது. இதயம்தான் வேறு.

எனவே இந்த மாத்திரைக்கு முன்னால் எக்கோ எடுக்கச் சொன்னால் அது வீண் செலவு இல்லை. மாத்திரை யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பிரிப்பதே அந்த எக்கோதான். வருடக்கணக்கில் சாப்பிட்டுவருகிறவருக்கு நடுவில் மாரடைப்பு வந்துவிட்டால், அல்லது ஸ்டென்ட் வைக்க வேண்டிவந்தால், பழைய மாத்திரை இனி ஆகுமா என்பதை இதய மருத்துவர் புதிதாக முடிவு செய்ய வேண்டும். மருந்துச் சீட்டை அப்படியே நீட்டி அடுத்த மாதத்துக்கு வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குள் ஒரே நோய் என்று சொல்லி ஒருவர் அட்டையிலிருந்து இன்னொருவருக்குக் கிழித்துக் கொடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

ஃப்ளெக்கனைடோடு பெரும்பாலும் மெட்டோப்ரோலால், டில்டியாசெம் போல நாடி வேகத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையும் சேர்த்தே எழுதுவார்கள். சீட்டைப் பார்ப்பவர்களுக்கு இது பிபி மாத்திரையாகத் தெரியும். "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று அதை மட்டும் நிறுத்திவிடத் தோன்றும். அது ஏன் ஆபத்து என்று சொல்கிறேன். மேலறையில் மின் அலை சில நேரம் நிமிடத்துக்கு 300 முறை சுழலும். அவ்வளவு வேகத்தில் எல்லாத் துடிப்பும் கீழே இறங்காது; இரண்டுக்கு ஒன்றுதான் இறங்கும், நாடி 150இல் நிற்கும். ஃப்ளெக்கனைடு அந்தச் சுழற்சியை 200ஆகக் குறைக்கும். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு துடிப்பும் கீழறைக்கு இறங்கிவிடலாம். நாடி 150இலிருந்து 200க்குப் போய்விடும். இரண்டாவது மாத்திரை அந்த வழியில் காவல் நிற்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எப்போதாவதுதான் வரும் என்றால், தினமும் சாப்பிடாமல், வரும்போது மட்டும் ஒரு வேளை சாப்பிட்டு அடக்கும் முறையும் உண்டு. இத்தாலியில் 268 பேரை வைத்து இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். 268 பேருக்கும் அந்த மருந்தை முதலில் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கேட்காதவர்கள், பக்கவிளைவு வந்தவர்கள் என 58 பேரை அங்கேயே கழித்துவிட்டார்கள். மீதி 210 பேரை மட்டுமே மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் மாத்திரை போட்ட தடவைகளில் 94 சதவீதம் ஆறு மணி நேரத்துக்குள் துடிப்பு சீரானது. இந்த 94 மட்டும் பேசப்படுகிறது, அந்த 58 பேர் பேச்சில் வருவதே இல்லை. முதல் தடவை மருத்துவமனையில் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற மாத்திரைகள்

சோட்டலால் வேறு வகை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை இது நீட்டுகிறது. இசிஜியில் அந்த நேரத்துக்கு க்யூடி என்று பெயர். ஓரளவு நீண்டால் நல்லது. அளவுக்கு மேல் நீண்டால், கீழறை முறுக்கிக்கொண்டு துடிக்கும் கொடிய வகைக் கோளாறு வரும். பாரிஸில் டெசெர்டென் என்ற மருத்துவர் 1966இல் விவரித்துப் பெயர் வைத்தது அது. இதனால் சோட்டலால் தொடங்கும்போதும் டோஸைக் கூட்டும்போதும் மூன்று நாளாவது மருத்துவமனையில் வைத்து இசிஜி பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. சிறுநீரகம் வழியாகத்தான் இது வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறினால் மருந்து உடம்பில் தேங்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சல், கேஸ், உப்புசம் என்று மருந்துக் கடையில் கேட்டால் கைக்கு வரும் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் இரண்டு மருந்து இருக்கும். ஒன்று அமிலத்தைக் குறைப்பது, இன்னொன்று டொம்பெரிடோன். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் "டி" அல்லது "டிஎஸ்ஆர்" என்ற எழுத்துகள் பெரும்பாலும் அதைத்தான் குறிக்கின்றன. டொம்பெரிடோனும் க்யூடியை நீட்டும். வயிற்றுக்கான கேப்ஸ்யூல்தானே என்று காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிற பெரியவர், அதே காலையில் சோட்டலாலும் போட்டால், இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. சளிக் காய்ச்சலுக்கு எழுதப்படும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், மாக்சிஃப்ளாக்சசின், படர்தாமரைக்கு எழுதப்படும் ஃப்ளுகோனசோல் இவையும் அதே பட்டியலில் உண்டு. எழுதும் மருத்துவருக்கு நம் இதய மாத்திரையின் பெயர் தெரிந்தால் வேறு மருந்து எழுதுவார். அவருக்குத் தெரியவில்லை என்றால் எழுதிவிடுவார். பெரும்பாலும் நாம்தான் சொல்லாமல் விடுகிறோம்.

பொட்டாசியம் குறைந்தாலும் இதே ஆபத்துதான். இரண்டு நாள் லூஸ் மோஷன், வாந்தி, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை எல்லாம் பொட்டாசியத்தை இறக்கும். இருமலுக்கு என்று தினமும் அதிமதுரம் மென்றாலும் இறங்கும். நாட்டு மருந்து என்பதால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று இதை விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு வந்த அன்றே இதய மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

டிகாக்சின் இந்தக் கூட்டத்தில் மூத்தது. 1785இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், நரிக்கையுறைச் செடியின் இலையை எப்படிக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று எழுதிவைத்தார். அளவு மீறினால் குமட்டும், பார்ப்பவை மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும் என்று அவரே குறித்திருக்கிறார். இன்றைக்கும் அடையாளங்கள் அவையே. வயதானவருக்குச் சோறு பிடிக்காமல் போனால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல், டிகாக்சின் எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நன்மைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவான மருந்து இது. நம் ஊரில் வாரத்தில் ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் விடச் சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. அப்படி எழுதியிருந்தால், எந்தக் கிழமை விடுமுறை என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். அப்பா வெள்ளிக்கிழமை விட்டதாக நினைத்து, அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்கு போச்சு.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் இது பொது. எத்தனை மணி நேரம் தாமதமானால் போடலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சீட்டு எழுதும்போதே கேட்டு அதன் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

நல்லாயிட்டேன் என்று நிறுத்துவது

கேஸ்ட் ஆய்வு நடந்த அதே நாட்டில், அதற்குச் சில வருடம் முன்னால், மாரடைப்பு வந்த 3,837 பேரை வைத்து, மெட்டோப்ரோலாலின் இனத்தைச் சேர்ந்த, நாடி வேகத்தைக் குறைக்கும் ப்ரோப்ரனலாலைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 7.2 சதவீதமும் எடுக்காதவர்களில் 9.8 சதவீதமும் இறந்தார்கள். நல்ல பலன் தெரிந்துவிட்டதால் 1981இல் அந்த ஆய்வையும் முன்கூட்டியே நிறுத்தினார்கள். கூடுதல் துடிப்பை அடக்குவதில் ஃப்ளெக்கனைடுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாத மருந்து அது. ஆனால் உயிரைக் காத்தது. படபடப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லை போல என்று இந்த வகை மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்காகச் சொல்கிறேன். திடீரென்று நிறுத்தினால் நாடியும் நெஞ்சுவலியும் முன்பைவிட மோசமாகத் திரும்பக்கூடும் என்பது வேறு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு சீராகிவிட்டால் இந்தப் பயம் போய்விட்டது என்று நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வு 4,060 பேரை வைத்து இதைப் பார்த்தது. ஒரு பிரிவில் துடிப்பை மருந்தால் சீராக்கினார்கள், மற்றதில் நாடி வேகத்தை மட்டும் குறைத்தார்கள். சீராக்கிய பிரிவில், சீராகிவிட்டது என்று வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்த அனுமதி இருந்தது. பக்கவாதம் வந்தவர்களை எடுத்துப் பார்த்தபோது, இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2க்குக் கீழே போனவர்கள். நமக்குத் தெரியாமலேயே துடிப்பு தவறிக்கொண்டிருக்க முடியும். கையில் நாடி பிடித்துப் பார்த்தோ, போனில் ஆப்பை வைத்துப் பார்த்தோ, அசிட்ரோமையோ (இதே வேலையைச் செய்யும் இன்னொரு மாத்திரை) வார்ஃபரினையோ நிறுத்தும் முடிவை நாமே எடுக்க முடியாது. பல் பிடுங்கப் போகும்போது பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசிக்கொள்ளட்டும்.

மயக்கம் போட்டு விழுந்தாலோ, விழப்போவதுபோல் கண் இருண்டாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு நாடி தறிகெட்டு ஓடினாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். 108க்குக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். "ஹார்ட்டுக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் அவசரப் பிரிவில் யாருக்கும் எதுவும் புரியாது. எந்த மருந்து உள்ளே இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த ஊசி போடலாம், எதைப் போடக் கூடாது என்று அங்கே முடிவு செய்வார்கள்.

அமியோடரோனைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கும் கொடுக்க முடிகிற, துடிப்பை அடக்குவதில் மிகவும் வல்ல மருந்து. இதனால் நம் ஊரில் பரவலாகவே எழுதப்படுகிறது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம். மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். அதில் ஒரு பகுதியே பிரிந்து ரத்தத்தில் சேர்கிறது என்றாலும் தைராய்டைக் கூட்டவோ குறைக்கவோ அது போதும். நுரையீரலையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைச் சாப்பிடக் கூடாது. புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் இருமல் மருந்து வாங்கிக் குடிக்காமல் மாத்திரை எழுதியவரிடம் போக வேண்டும். வெயிலில் தோல் சட்டென்று கருகும், அதற்கு முழுக்கைச் சட்டையும் குடையும் வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம், டிகாக்சின் மூன்றின் வேகத்தையும் இது கூட்டிவிடும். சேர்த்துக் கொடுக்கும்போது டிகாக்சினைப் பாதியாகக் குறைப்பது வழக்கம், ஐஎன்ஆரை அடிக்கடி பார்க்க வேண்டும். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

இது கொழுப்புத் திசுவில் போய்த் தங்கிவிடும் மருந்து. நிறுத்தினாலும் உடம்பை விட்டு நீங்க வாரங்கள், மாதங்கள் ஆகும். சித்திரையில் நிறுத்திய அமியோடரோன் ஆடியிலும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கலாம். புது டாக்டர் "இப்ப என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்கும்போது, இப்போது சாப்பிடுகிறவற்றோடு, கடந்த ஆறு மாதத்தில் நிறுத்தியவற்றையும் நிறுத்திய தேதியோடு சொல்லுங்கள்.